ஜன்னல் பக்கத்துக் கன்னம்

1961 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, சாரல் தெளித்துவிட்டிருந்தது. ஈரத்தில் கோலமாவு நிற்காது என்பதால் நனையாத மேல்படியில் மட்டும் நாலு கோடு இழுத்தேன். பால் காய்ச்சி, காப்பி கலந்து, இட்லிக்கு அடுப்பேற்றினேன். குற்றாலத்தில் சீசன் நேரம். ஞாயிறு என்றால் அருவிக்கரையில் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நிற்கும். தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த என் கணவர், காமிராவையும் அதன் முக்காலியையும் ரப்பர் துணியில் சுற்றி, பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

அவர்கள் போனதும் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தாள். டப்பாவைத் திறந்து வெள்ளைக் களிம்பை விரல்நுனியில் எடுத்து நெற்றி, மூக்குத்தண்டு, இரண்டு கன்னங்கள், மேலுதடு என்று வரிசையாகத் தொட்டு வைத்து, ஒவ்வொன்றாகப் பரப்பினேன். பூசிய பிறகு கண்ணாடி பார்ப்பதில்லை. பார்த்தால் துடைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் குத்துக்கல்வலசையிலிருந்து அத்தையும் தம்பியும் வருவதாக இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா காலமான பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவள்தான் தலை. தம்பி அவள் வீட்டில் தங்கி அரிசி ஆலையில் வேலை பார்த்துவந்தான். செங்கோட்டைப் பக்கம் பெண் நிச்சயமாகி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மூன்றாவது முடிச்சை அவன் அக்காவோ தங்கையோ போட வேண்டும். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. அவனுக்குத் தலை சீவிவிட்டதும், அம்மைக்கு வேப்பிலை வீசியதும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். அந்த மூன்றாவது முடிச்சை வேறொருத்தி போடுவதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆனால் வியாழக்கிழமை வந்த பால்காரரிடம் அத்தை சொல்லிவிட்டிருந்தாள்: "முடிச்சு விசயமாப் பேசணும். ஞாயித்துக்கிழம வருதோம்." என்ன பேசப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். என் முகத்தில் மங்கு விழுந்திருந்தது.

மங்கு என்பதை எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பாகத் திட்டு விழும். வலிக்காது, அரிக்காது. எனக்கு மூன்றாவது பிரசவத்தில், 1956-இல் விழுந்தது. முதல் இரண்டு பிரசவத்திலும் வராதது அதில் வந்தது. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் போய்விடும் என்றார்கள். பிள்ளை ஓடத் தொடங்கியும் போகவில்லை. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போட்டேன். கஸ்தூரி மஞ்சள் போட்டேன். எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தேன். அதில் இன்னும் கறுத்தது.

நான் செய்துவந்த வேலைக்கு இந்த முகம் ஒரு கேலி. கணவர் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வீட்டிலிருந்து வர்ணம் தீட்டுவது நான்தான். உதடு, பட்டுக்கரை, நகை, கன்னம் எல்லாம் என் தூரிகையில்தான் நிறம் பெற்றன. படம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "கொஞ்சம் கலராப் போடுங்க." தென்காசியில் பாதிப் பேரை நான் சிவப்பாக்கியிருக்கிறேன். என் கன்னத்துத் திட்டை ஒரு படத்தில் போடச் சொன்னால் எந்தெந்த வர்ணத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்: பழுப்பு, அதில் மஞ்சள், சாம்பல் ஒரு துளி. இடது கன்னத்துக்குப் பழுப்பு கொஞ்சம் கூட.

டாக்டரிடம் போனதற்குக் காரணம் ஐந்தருவியில் நடந்த ஒன்று. சீசன் தொடங்கிய புதிதில் பெண்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் முன்பின் தெரியாதவள், நல்ல கலகலப்பானவள்.

"ஏ மைனி, கன்னத்துல கரி அப்பிக் கெடக்கு பாருங்க. அடுப்ப ஊதிட்டு அப்படியே வந்துட்டீகளாக்கும்?" என்று சிரித்து, நான் பதில் சொல்லுமுன் கட்டைவிரலால் என் கன்னத்தைத் தேய்த்தாள். இரண்டு தடவை தேய்த்த பிறகு அவளுக்குப் புரிந்தது.

"எம்மா, மங்கா இது! தெரியாமத் தொட்டுட்டேன். ஒண்ணும் நெனச்சுக்கிடாதீக."

சொல்லிவிட்டு அந்தக் கட்டைவிரலை அருவியில் நீட்டிக் கழுவிக்கொண்டாள். தலையிலிருந்து கால்வரை அருவி கொட்டிக்கொண்டிருக்கும்போது விரலை மட்டும் தனியாகக் கழுவ என்ன இருக்கிறது? அவள் கெட்டவள் இல்லை. கை தானாகப் போயிற்று. அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

தென்காசிக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் அவள், வெளியூர்க்காரி. டார்ச் அடித்து முகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"குழந்தை வயித்துல இருந்தப்ப வந்தது, சரிதானே? அதுக்கப்புறம் வெளிச்சம் அதை வளர்த்துட்டிருக்கு."

"நான் வெயில்லயே போகமாட்டேனே டாக்டர். வீட்டுக்குள்ளதான் வேலை."

"வெயில்னு நான் சொல்லலியேம்மா. வெளிச்சம்னுதானே சொன்னேன்?"

ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். "இது மங்கை அழிக்காது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது. மேல நின்னு தடுக்கும். புதுசா கறுக்காம இருந்தா பழசைத் தோல் மெதுவா உதிர்த்துடும். எலுமிச்சம்பழத்தைக் குழம்புல விடுங்க, மூஞ்சில விடாதீங்க."

மருந்து கலந்து கொடுத்தவர் டப்பாவின் மேல் ஜிங்க் ஆக்ஸைடு என்று எழுதி ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து அதை வர்ணப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் கவனித்தேன். பெட்டியில் இருந்த வெள்ளைக் குழாயின் மேலும் அதே ஜிங்க் என்ற எழுத்து. வருஷக்கணக்காக மற்றவர்கள் படங்களில் மூக்குநுனிக்கும் முத்து மூக்குத்திக்கும் வெள்ளொளி வைத்தேனே, அந்த வெள்ளை. கணவரிடம் இரண்டையும் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். துத்தநாகம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பியே," என்றார். "டார்ச் பாட்டரியோட மேல்கூடு துத்தநாகம். நம்ம தண்ணி வாளி துருப்பிடிக்காம இருக்கே, அதுக்கு மேல பூசியிருக்கிறதும் துத்தநாகம்."

நான் எழுந்து போய் வாளியைப் பார்த்தேன். தினமும் தூக்குகிற வாளிதான். சாம்பல் பூத்த அதன் பளபளப்பில் பாசிபோல ஒரு பூவேலை தெரியும். அதை அழகு என்று மட்டும் நினைத்திருந்தேன். இரும்பைத் தண்ணீர் தின்னாமல் தடுக்கிற அதே பொருள், தோலை வெளிச்சம் தின்னாமல் தடுக்கும் என்கிறாள் ஒரு டாக்டர். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்று அவள் பிரித்துச் சொன்னதும் மனதில் கிடந்து குடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யாரும் இல்லாததால் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தேன். ஸ்டூடியோவில் பி.ஓ.பி. என்று ஒரு தாள் உண்டு. மருந்துத் தண்ணீர் எதிலும் போடாமல், வெளிச்சம் பட்டாலே கறுக்கிற தாள். நெகட்டிவை அதன் மேல் வைத்து வெயிலில் காட்டினால் செம்பழுப்பாகப் படம் விழும். மாதிரி காட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவோம். அதில் ஒரு தாளை உள்ளறை இருட்டில் எடுத்துக்கொண்டேன். பழைய நெகட்டிவ் கண்ணாடி ஒன்றைச் சுரண்டிக் கழுவித் துடைத்தேன். கண்ணாடியின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டேன். நடுப்பகுதியில் வெறும் வாஸ்லைன் தடவினேன். களிம்பில் கலந்திருக்கும் கொழுப்புக்கு ஏதாவது குணம் இருந்தால் அதுவும் தெரிய வேண்டும். கீழ்ப்பகுதியில் டாக்டர் கொடுத்த களிம்பை, முகத்தில் எப்படிப் பூசுவேனோ அப்படியே மெல்லியதாகத் தடவினேன். கண்ணாடியைத் தாள் மேல் வைத்துக் கட்டினேன்.

வைப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே. வாசலில் வைக்கலாம் என்றுதான் முதலில் எழுந்தேன். பிறகு, நான் வாசலில் உட்காருவதில்லையே என்று தோன்றியது. நான் உட்காருவது வடக்கு ஜன்னலோரம். வர்ணம் தீட்டுகிறவர்களுக்கு வடக்கு வெளிச்சம்தான் வேண்டும். வெயில் நேராக விழாது, நிழல் அலையாது. கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும். வலது கையின் நிழல் படத்தின் மேல் விழாது. பத்து வருஷமாக அதே நாற்காலி, அதே திசை. நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, என் இடது கன்னம் இருக்கும் உயரத்தில் அந்தக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். அதே தாளில் வெட்டிய இன்னொரு துண்டை வலது கன்னம் இருக்கும் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி வைத்தேன். வெளியே சூரியன் இருக்கிற அடையாளமே இல்லை. மலை முழுவதும் மேகம். சாரல் பூப்பூவாக விழுந்துகொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டு சமைக்கப் போனேன்.

சோறு வடித்து, குழம்பு இறக்கி, அப்பளம் பொரித்துவிட்டு வந்து பார்த்தேன்.

இடது பக்கத்துத் தாள் கறுத்திருந்தது. வெளிச்சம் படாத தாளில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். அது செம்மண்ணாகி, செம்மண் நாவல்பழக் கறையாகியிருந்தது. கண்ணாடியைத் தூக்கினேன். வெறும் பகுதியும் வாஸ்லைன் பகுதியும் ஒரே நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அதற்குக் கீழே கோடு கிழித்தாற்போல வெளுப்பு. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் மறுபக்கத்து ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்கு மெல்லிய பூச்சு அது. என் கண்ணைத் தடுக்க முடியாத அந்தப் பூச்சு, தாளைக் கறுக்கவைத்த எதையோ தடுத்து நிறுத்தியிருந்தது.

சுவரைப் பார்த்து வைத்த துண்டை எடுத்தேன். அதுவும் நிறம் மாறியிருந்தது, ஆனால் பாதி கூட இல்லை.

இரண்டு தாள்களையும் கறுப்பு உறைக்குள் போட்டுவிட்டு, அன்று காலையில் முதல் தடவையாகக் கண்ணாடி முன் போய் நின்றேன். நிலைக்கண்ணாடி இடம் வலமாக மாற்றிக் காட்டும் என்று மனதில் திருத்திக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் பக்கத்துக் கன்னம் அதிகம் கறுத்திருந்தது. சுவர்ப் பக்கத்துக் கன்னம் குறைவாகக் கறுத்திருந்தது. பிரசவம் போட்ட மங்கை யார் வளர்த்தார்கள் என்று தெரிந்துவிட்டது. எந்த வெளிச்சத்தை நம்பி ஊர்முகங்களுக்கெல்லாம் நிறம் கொடுத்தேனோ, அந்த வெளிச்சம் பக்கத்தில் இருந்துகொண்டு சத்தமில்லாமல் எனக்கு நிறம் போட்டுவந்திருக்கிறது. சூடு இல்லை, கூச்சம் இல்லை, மேகம் கூட அதற்கு மறைப்பில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்நிதியில் கற்பூரம் காட்டும்போது வருகிற சிலிர்ப்புதான் அது. வேறு ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. அத்தை இறங்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது, மூஞ்சிக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்க? தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்கே."

"டாக்டர் கொடுத்த களிம்பு அத்தை."

"என்ன களிம்பு?"

"துத்தநாகக் களிம்பு."

வாசப்படியில் ஏறியவள் ஒரு படி கீழே இறங்கினாள். "நாகமா?"

"பாம்பு இல்ல அத்தை. பேருதான் நாகம். தகரம் மாதிரி ஒண்ணு."

"தகரத்தையா மூஞ்சில தேய்க்க? இதுக்கு நாகமே தேவல போ."

தம்பி சிரித்தான். சிரித்துவிட்டு என்னைப் பார்க்க முடியாமல் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை வாயைத் திறக்கவில்லை. நல்லதல்லாததை இலைக்கு முன்னால் பேசமாட்டாள். கை கழுவி, வெற்றிலை போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏட்டி, நான் சொல்லுததக் கோவப்படாமக் கேளு. பொண்ணு வீட்டு ஜோசியரு சாதகம் பாத்தாருல்லா? பயலுக்கு ஏழரை நடக்கு. மொதச் சுத்து. மொதச் சுத்துக்கு என்ன பேரு?"

"மங்கு சனி."

"ஒம் மூஞ்சியில கெடக்குததுக்கு என்ன பேரு?"

நான் வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பேரு சும்மா ஒண்ணுபோல இருக்குமாட்டி? பெரியவங்க என்ன கிறுக்கங்களா? அவனுக்கு வர வேண்டியத நீ வாங்கி மூஞ்சியில வச்சுக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியும். நீ அவனுக்குத் தாயிமாதிரி; தாயிதான் வாங்குவா. ஆனா அத வச்சுக்கிட்டுத் தாலிக் கயித்தத் தொட்டா, அது கயித்துல எறங்கி அந்தப் புள்ள மேல போயிராதா? சித்தப்பா மவ முடிச்சப் போடட்டும். நீ பக்கத்துல நில்லு."

அவள் குரலில் வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் அவனுக்காகச் சுமக்கிறேன் என்று அவள் மனமார நம்பினாள். அந்த நம்பிக்கையோடு எப்படிச் சண்டை போடுவது? தம்பியைப் பார்த்தேன். அவன் தரையில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

"நீ என்னல சொல்லுத?" என்று கேட்டேன்.

"நான் என்னக்கா சொல்லட்டும்? அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊரு ஒன்னையத்தானே சொல்லும்? அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

நான் எழுந்துபோய்க் கறுப்பு உறையைக் கொண்டுவந்தேன். ஜன்னலை விட்டுத் தள்ளி, மங்கலான மூலையில் வைத்துத் தாளை எடுத்துக் காட்டினேன். காலையில் செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இதுல எது நாகம்?" என்றாள் அத்தை.

"வெளுத்துக் கெடக்கே, அது."

"தாளு கறுத்தா மூஞ்சி கறுக்குமோ? தாளு என்ன புள்ளையா பெத்துது?"

தம்பிக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. நான் அத்தையின் கையைப் பிடித்து, இறுக்கமாகக் கிடந்த இரண்டு தங்க வளையல்களையும் மெல்ல மேலே தள்ளினேன். கல்யாணத்தன்று போட்டவை, அவள் கழற்றியதே இல்லை. அவற்றின் அடியில் தோல் கோதுமை நிறத்தில் வளையமாகத் தெரிந்தது. அதற்கு மேலும் கீழும் வயல்வெளியில் ஐம்பது வருஷம் காய்ந்த கை.

அத்தை அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெற்றிலை மெல்லுவது நின்றுவிட்டது.

"இது நான் சமைஞ்ச காலத்து நெறமுட்டி," என்றாள். "இங்கனதான் இருந்திருக்கு பாரு."

வளையல்களைத் தானே கீழே இறக்கிவிட்டாள். பிறகு திடீரென்று தம்பி பக்கம் திரும்பினாள். "ஏல, சனி யாரு மவன்?"

"சூரியன் மவன் அத்தை."

"அதானே. அப்பன் செஞ்ச வேலைக்கு மவனைப் போட்டு ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நான் எப்பிடி நம்ப? ஒனக்கு முடிச்சு போடணும். ஒங் கையால செஞ்சு காட்டுத. எங் கையால செஞ்சு பாக்கணும்."

புதுத் தாளும் கண்ணாடியும் எடுத்து வந்தேன். களிம்பு டப்பாவை நீட்டினேன். அவள் டப்பாவை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, சுட்டுவிரலால் கொஞ்சம் எடுத்தாள். எங்கே, எவ்வளவு பூச வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணாடியின் நடுவே ஒரு சுழி சுழித்துக் கோட்டை இழுத்தாள். பிள்ளையார் சுழி. எந்தப் புதுக் காரியத்துக்கும் அவள் விரல் முதலில் அதைத்தான் போடும். களிம்பு கையில் பட்டதும் அதையே போட்டுவிட்டது.

வடக்கு ஜன்னலில் வைத்தேன். அத்தை பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். தம்பி எட்டிப் பார்க்கப் போனபோது, "அங்கன போகாத. மூடியத் தொறந்து தொறந்து பாத்தா சோறு வேகாது," என்று விரட்டினாள். சாரல் விட்டு, மேகம் ஒரு இடத்தில் விலகி, வெளிச்சம் கூடிற்று. கண்ணாடியின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாள் எங்கள் கண்முன்னாலேயே சிவந்து, பழுத்து, இருண்டது. அத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அறுபத்தைந்து வயதுக்காரி, பொம்மலாட்டம் பார்க்கிற பிள்ளையைப் போல இருந்தாள்.

போதும் என்று தோன்றியதும் மூலைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியை எடுத்தேன். கருஞ்சிவப்புத் தாளின் நடுவே, அவள் விரல் போன வழியெல்லாம் வெள்ளையாக, ஒரு பிள்ளையார் சுழி. விரல்ரேகையின் கோடுகள்கூட விழுந்திருந்தன. எத்தனையோ ஆயிரம் படங்கள் தாளில் எழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை இரண்டு கையையும் கூப்பினாள். "நீ நாகத்தத் தேச்ச, பிள்ளையாருல்லா வந்து நிக்காரு." பிறகு, தாளைப் பார்த்தபடியே, "சரிட்டி. முடிச்ச நீயே போடு," என்றாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

கண்ணாடியில் எதை வரைந்திருந்தாலும் அதுதான் விழுந்திருக்கும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. பிள்ளையார் அந்தத் தாளில் இல்லை என்று அடித்துச் சொல்லுகிற தைரியமும் எனக்கு அன்று இல்லை.

சாயங்காலம் கணவரும் பிள்ளைகளும் நனைந்து வந்து சேர்ந்தார்கள். கதையைக் கேட்டதும் அவர் அந்தத் தாளை ஹைப்போக் கரைசலில் போட்டு மேற்கொண்டு கறுக்காமல் நிறுத்தினார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மூஞ்சில கொஞ்சம் பாக்கி இருந்தாலும் கவலையில்ல. கல்யாணப் போட்டோவுல நெகட்டிவ்ல பென்சில் வச்சு எடுத்துருவேன்," என்றார்.

அத்தை அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். "மருமவனே, சூரியன் போட்டத எடுக்க நீரு யாரு? நாகம் எடுத்தா எடுக்கட்டும். நீரு பேசாம வெளக்கக் கிட்ட வச்சுப் படத்த எடும்."

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆவணிக்குள் மங்கு போகவில்லை. நெற்றியில் தெளிந்தது. வலது கன்னத்தில், தெரிந்தவர்கள் தேடிப் பார்த்தால்தான் தெரியும். இடது கன்னத்தில் பலதடவை துவைத்த கறை மாதிரி மிஞ்சி நின்றது, கொஞ்சம் இன்றைக்கும் இருக்கிறது. ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணியில் திரை போட்டோம். காலையில் முகம் கழுவியதும் களிம்பு பூசுவதை நான் நிறுத்தவில்லை. மேகம் மூடிய நாளில்கூட விட்டதில்லை. அந்தத் தாளைப் பார்த்தவள் விடமாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மழை வலுத்துவிட்டதால் தம்பி மட்டும் வண்டியில் ஊருக்குத் திரும்பினான். அத்தை எங்களோடு தங்கினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் எழுந்து வரும்போது அத்தை அடுக்களையில் விளக்கேற்றி வைத்திருந்தாள். காப்பிக்கு அடுப்பு மூட்டவில்லை. ஒரு முழம் நூலைத் தாலிக்கயிறுபோலத் திரித்து, மஞ்சள் குழைத்து நனைத்து, மூலையில் நின்ற உலக்கையைச் சுற்றி விட்டிருந்தாள். இரண்டு முடிச்சு அவளே போட்டாயிற்று.

"வா. மூணாவதப் போடு," என்றாள். "இறுகலேன்னா ஊரு ஒம் மூஞ்சியப் பாக்காது, ஒங் கையத்தான் பாக்கும்."

முகம் கழுவாமல், தலையை அள்ளி முடிந்துகொண்டு, தரையில் உட்கார்ந்து உலக்கைக்கு மூன்றாவது முடிச்சைப் போட்டேன். அத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், அவிழவில்லை. கடைசியில் குனிந்து பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.